பாலிசி பைல் பாதிக்கு மேல ஒரே கலரா ஓடுதே, ஏன்?

கேள்வி: எஸ்இலினக்ஸ் (லினக்ஸ்ல எந்த ப்ரோக்ராம் எதைத் தொடலாம்னு கட்டுப்படுத்துற பாதுகாப்பு அமைப்பு) பாலிசி எழுதிட்டிருக்கேன், விம் எடிட்டர்ல அதுக்கு கலரே வரல, சரின்னு ஷெல் ஸ்கிரிப்டோட சின்டாக்ஸை (எதுக்கு எந்த கலர்னு சொல்ற பைல்) மாட்டிவிட்டேன், இப்ப பாதிக்கு மேல எல்லாமே ஸ்ட்ரிங் கலர்ல ஓடுது. நானே ஒரு சின்டாக்ஸ் பைல் எழுதலாமா, எங்க ஆரம்பிக்கணும்?

பதில்: தாராளமா எழுதுங்க, ஒரு நாள் வேலைதான். உங்க பைல் அப்படி ஆனதுக்கு காரணம் எம்4, அதாவது மேக்ரோவை விரிச்சு எழுதிக் குடுக்கிற டூல். ரெஃபரன்ஸ் பாலிசி (பலரும் அடிப்படையா எடுத்துக்கிற பொதுப் பாலிசி) ஸ்டைல்ல இன்டர்ஃபேஸ், அதாவது மத்த மாட்யூல் கூப்பிடுற ரூல் தொகுப்பு, எல்லாமே எம்4 மேக்ரோ, அதுல கோட் திறக்கிறது பேக்டிக் (`), மூடுறது சிங்கிள் கோட் ('), ஷெல்லுக்கோ ரெண்டும் தனித்தனி சமாச்சாரம், மூடவே இல்லன்னு நெனச்சு கடைசி வரி வரைக்கும் இழுத்துட்டு போயிடும். அதனால கீவேர்ட் லிஸ்ட்டை அப்புறம் பாத்துக்கலாம், முதல்ல இந்த ஜோடிக்கு ஒரு ரீஜியன் (இங்க ஆரம்பிச்சு இங்க முடியுதுன்னு விம்முக்கு சொல்ற விதி) எழுதுங்க, ஒண்ணுக்குள்ள ஒண்ணு வரும், அதனால ரீஜியன் தனக்குள்ளயே தன்னை அனுமதிக்கணும், ஆனா அதுக்கு ஸ்ட்ரிங் கலர் மட்டும் குடுத்துடாதீங்க, உள்ள இருக்கிறதுதான் நிஜ ரூல்.

இன்னொரு முக்கியமான விஷயம், நிறைய பேர் இங்கதான் மாட்டிக்கிறாங்க. கோட்டுக்குள்ள எம்4 கமென்ட்டை கமென்ட்டா பாக்கவே பாக்காது. இன்டர்ஃபேஸ் உள்ள ஹேஷ் போட்டு இங்கிலீஷ்ல "டோன்ட்"னு எழுதினா அதுல வர்ற அபாஸ்ட்ரஃபி, அதே சிங்கிள் கோட்தான், அங்கயே கோட்டை மூடிடும், எரர் எங்கயோ சம்பந்தமில்லாத வரியில வரும், நான் ஒரு சாயங்காலம் முழுக்க இதுக்கு தேடியிருக்கேன். கமென்ட்டை சும்மா சாம்பல் கலர்ல காட்டினா இந்த தப்பு கண்ணுக்கே தெரியாது, அதனால ரீஜியனுக்குள்ள வர்ற கமென்ட்ல அபாஸ்ட்ரஃபி இருந்தா அதை சிவப்பா எரர் கலர்ல காட்டுங்க. வெளிய இருக்கிற கமென்ட்டுக்கு இது வேண்டாம்.

கீவேர்ட்ல அலவ், டைப், டைப் ட்ரான்சிஷன் இதெல்லாம் ஒரே கலர் போதும். டோன்ட்ஆடிட்டுக்கு மட்டும் தனி கலர் குடுங்க, அது அனுமதி எதுவும் குடுக்காது, மறுத்ததை லாக்ல எழுதாம விட்டுடும், எதுவுமே லாக்ல வரலயேன்னு முழிக்கிறப்ப முதல்ல கண்ணுல படவேண்டியது அந்த வரிதான். அண்டர்ஸ்கோர் டீ-ல (_t) முடியிற பேரெல்லாம் டைப்புன்னு (ப்ரோக்ராமுக்கும் பைலுக்கும் ஒட்டுற லேபிள்) கலர் குடுக்கலாம், ஆனா அது வழக்கம் மட்டும்தான், மொழியோட விதி கிடையாது, பேர் உண்மையிலயே இருக்கான்னு கம்பைல் பண்ணாதான் தெரியும்.

எஃப்சி பைலுக்கு (எந்த பைலுக்கு எந்த லேபிள்னு சொல்ற .fc பைல்) இதையே மாட்டாதீங்க, அதுல அலவ் ரூலே கிடையாது, பாத் பேட்டர்னும் பக்கத்துல லேபிளும்தான், தனியா குட்டியா ஒண்ணு எழுதிக்கோங்க.