ஞாயிற்றுக்கிழமை சமைத்து ஃப்ரீசரில் வைத்த குழம்பை வெள்ளிக்கிழமை சாப்பிடலாமா?

கேள்வி: டாக்டர், நான் கோவையில் ஒரு தனியார் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். காலை 7.30-க்குக் கிளம்பினால் வீடு திரும்ப இரவு எட்டாகிவிடும். அதனால் ஞாயிற்றுக்கிழமையே சாம்பார், கொண்டைக்கடலைக் குழம்பு, சிக்கன் கிரேவி எல்லாவற்றையும் வாரத்துக்கும் சேர்த்துச் செய்து, டப்பாக்களில் போட்டு ஃப்ரீசரில் வைத்துவிடுகிறேன். "ஐஸில் வைத்த சாப்பாட்டில் சத்தே இருக்காது, கேன்சர்கூட வரும்" என்கிறார் என் மாமியார். போன மாதம் ஒருநாள், முந்தின ராத்திரி மிஞ்சி மேடையிலேயே இருந்த சோற்றைக் காலையில் தாளித்துக் கொடுத்தேன். இரண்டு மணி நேரத்தில் என் 4 வயதுப் பையன் மூன்று நான்கு தடவை வாந்தி எடுத்துவிட்டான். அன்றிலிருந்து எனக்கே பயமாக இருக்கிறது. கணவருக்குச் சர்க்கரை நோய். மாமனாருக்கு 72 வயது, தினமும் அசிடிட்டி மாத்திரை போடுகிறார். இந்தப் பழக்கத்தை விட்டுவிட வேண்டுமா?

பதில்: விட வேண்டாம். வேலைக்குப் போய் வந்து இரவு எட்டரைக்கு அடுப்புப் பற்றவைப்பதற்குப் பதிலாக ஹோட்டலில் ஆர்டர் செய்யும் வீடுகளைத் தினமும் பார்க்கிறேன். எண்ணெயும் உப்பும் அளவாகப் போட்டு நீங்களே செய்த குழம்பு, ஃப்ரீசரிலிருந்து வந்தாலும், அதைவிட நல்லதுதான்.

ஆனால் உங்கள் கடிதத்தில் இரண்டு விஷயங்கள் கலந்துகிடக்கின்றன. பையனுக்கு வாந்தி வந்தது ஃப்ரீசர் குழம்பால் அல்ல. ராத்திரி முழுக்கச் சமையல் மேடையில் இருந்த சோற்றால்தான் வந்திருக்க வேண்டும். அந்தச் சோறு ஃப்ரீசர் பக்கமே போகவில்லை. பழி மட்டும் அதன்மேல் விழுந்திருக்கிறது.

அரிசியில் பேசில்லஸ் சீரியஸ் என்றொரு பாக்டீரியா சாதாரணமாகவே இருக்கும். சோறு கொதிக்கும்போது அது செத்துவிடுகிறது, ஆனால் அதன் வித்துகள் சாகாது. சோறு வெதுவெதுப்பாக மணிக்கணக்கில் வெளியே கிடந்தால் அந்த வித்துகள் முளைத்துப் பெருகி, ஒரு நச்சை விட்டுவைக்கின்றன. அந்த நச்சுக்குக் குக்கர் சூடும் ஒரு பொருட்டில்லை. காலையில் எவ்வளவு நன்றாகத் தாளித்தாலும், எலுமிச்சம்பழம் பிழிந்தாலும் அது அப்படியேதான் இருக்கும். சாப்பிட்ட அரை மணியிலிருந்து ஆறு மணி நேரத்துக்குள் வாந்தி வரும், பெரும்பாலும் காய்ச்சல் இருக்காது, ஒரு நாளில் அடங்கிவிடும். உங்கள் பையனுக்கு நடந்தது இதற்கு அப்படியே பொருந்துகிறது. "நன்றாகச் சூடு பண்ணிவிட்டேனே டாக்டர்" என்று தாய்மார்கள் சொல்வார்கள். சூடு கிருமியைத்தான் கொல்லும். அது ஏற்கெனவே விட்டுவைத்த நச்சை எடுக்காது.

குழம்புகளில் வேறொரு கிருமி. பெரிய அண்டாவில் செய்த கறிக்குழம்பு, பிரியாணி, பருப்பு போன்றவை மெதுவாக ஆறும்போது கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சென்ஸ் பெருகும். அடி ஆழத்தில் காற்றுப் படாத இடம்தான் அதற்குப் பிடித்த இடம். மதியம் விருந்து சாப்பிட்டுவிட்டு நள்ளிரவில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்திருப்பவர்களில் பலருக்கு இதுதான் காரணம்.

ஆக, நான் கவலைப்படுவது ஃப்ரீசருக்குள் இருக்கும் ஐந்து நாளைப் பற்றி அல்ல. அடுப்பிலிருந்து இறக்கியதற்கும் ஃப்ரீசரில் வைப்பதற்கும் நடுவே போகிற நேரம், அப்புறம் வெளியே எடுத்ததற்கும் சாப்பிடுவதற்கும் நடுவே போகிற நேரம், இந்த இரண்டும்தான் கவலை. சுமார் 5 டிகிரிக்கும் 60 டிகிரி செல்சியஸுக்கும் இடைப்பட்ட சூட்டில் கிருமிகள் பெருகும். சமைத்த உணவு அந்தச் சூட்டில் மொத்தம் 2 மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. வெளியே 32 டிகிரியைத் தாண்டினால் 1 மணி நேரம்தான். சித்திரை, வைகாசியில் நம் சமையலறை எத்தனை டிகிரி இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இப்போது உங்கள் ஞாயிற்றுக்கிழமைக்கு வருவோம். 5 லிட்டர் குக்கர் நிறைய சாம்பாரை 12 மணிக்கு இறக்கி, "ஆறட்டும்" என்று மூடிவைத்துவிட்டுச் சாப்பிட்டு, கொஞ்சம் படுத்து எழுந்து நாலு மணிக்குப் பார்த்தால் மேலே ஆறியிருக்கும். கரண்டியை அடிவரை விட்டுக் கிளறினால் நடுவில் இன்னும் வெதுவெதுப்பு தெரியும். பெரும்பாலான வீடுகளில் தப்பு நடப்பது இங்கேதான். சூடாக வைத்தால் ஃப்ரிட்ஜ் கெட்டுவிடும் என்ற பயம் வேறு. கொதிக்கக் கொதிக்க ஒரு முழுக் குக்கரை உள்ளே தள்ளினால் பக்கத்தில் இருக்கும் பாலும் தயிரும் சூடாகும், அது உண்மைதான். ஆனால் அதற்காக நாலு மணி நேரம் காத்திருக்கவும் கூடாது.

வேகமாக ஆற்றுவதற்கு வழி இருக்கிறது. மூடியைத் திறந்துவிடுங்கள். அகலமான பேசினில் தண்ணீரும் இரண்டு ட்ரே ஐஸ் கட்டியும் போட்டு, குழம்புப் பாத்திரத்தை அதில் இறக்கி, அவ்வப்போது கிளறிவிடுங்கள். தண்ணீர் சூடானால் மாற்றுங்கள். இருபது முப்பது நிமிடத்தில் கை பொறுக்கும் சூட்டுக்கு வந்துவிடும். இன்னொரு வழி, சாம்பாரைக் கெட்டியாக வைத்து, கடைசியில் கொதித்து ஆறிய தண்ணீரில் செய்த ஐஸ் கட்டிகளைச் சேர்ப்பது. பதமும் சரியாகும், சூடும் இறங்கும். அப்புறம் இரண்டு அங்குல உயரத்துக்கு மேல் போகாத தட்டை டப்பாக்களில், ஒரு வேளைக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு மட்டும் ஊற்றுங்கள். ஒரே பெரிய டப்பாவாக வைத்தால் உறையவும் நேரமாகும், உருகவும் நேரமாகும். பாதியை எடுத்துக்கொண்டு மீதியைத் திரும்ப வைக்கும் ஆசையும் வரும். எவர்சில்வர் டப்பாவே போதும். விளிம்புவரை நிரப்பாதீர்கள், உறையும்போது தண்ணீர் சுமார் 9 சதவீதம் விரியும். கண்ணாடியாக இருந்தால் விரிசல் விடும்.

இன்னொரு பழக்கத்தையும் சொல்ல வேண்டும். ஞாயிறு செய்ததை ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்து, புதன்கிழமை ஒரு மாதிரி வாடை வரும்போலிருக்கிறதே என்று பார்த்து, அப்போது தூக்கி ஃப்ரீசரில் போடுவார்கள். ஃப்ரீசர் கிருமியைக் கொல்லாது, அப்படியே நிறுத்திவைக்கும், அவ்வளவுதான். புதன்கிழமை எந்த நிலையில் வைத்தீர்களோ அதே நிலையில்தான் அடுத்த மாதமும் வெளியே வரும். செவ்வாய்வரை சாப்பிடப்போவதைக் கீழ்த்தட்டிலும், புதனிலிருந்து வேண்டியதை ஞாயிறே ஃப்ரீசரிலும் வையுங்கள். கீழ்த்தட்டு 4 டிகிரியில் இருந்தால் சமைத்த உணவு மூன்று நாள் தாங்கும். ஃப்ரீசரில் குழம்பும் கிரேவியும் இரண்டு மூன்று மாதம் ருசி கெடாமல் இருக்கும்.

சரி, உங்கள் வீட்டு ஃப்ரீசர் நிஜமாகவே ஃப்ரீசர்தானா? இதை யாரும் கேட்பதில்லை. இருக்க வேண்டியது -18 டிகிரி. ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜ்களில் மேலே இருக்கும் சின்னப் பெட்டி பல சமயம் அந்த அளவுக்குப் போகாது. ஐஸ் கட்டி உறைவதை வைத்து முடிவு செய்யாதீர்கள், அது 0 டிகிரிக்குக் கொஞ்சம் கீழே போனாலே உறைந்துவிடும். ஐஸ்கிரீமை ஒரு ராத்திரி வைத்துப் பாருங்கள். காலையில் கரண்டி இறங்காமல் கல்லாக இருந்தால் நல்ல ஃப்ரீசர். கொழகொழவென்று இருந்தால் மாதக்கணக்கு வேண்டாம். அந்த வாரத்துச் சமையலை அந்த வாரத்திலேயே முடித்துவிடுங்கள்.

கரன்ட் விஷயமும் உண்டு. மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை 9 மணிக்கு நிறுத்தினால் சில நாள் சாயங்காலம்தான் வரும். ஃப்ரீசர் நிறைந்திருந்து, கதவைத் திறக்காமல் இருந்தால் சுமார் 48 மணி நேரமும், பாதி நிறைந்திருந்தால் 24 மணி நேரமும் தாங்கும் என்பது நல்ல தனி ஃப்ரீசருக்கான கணக்கு. சின்னப் பெட்டிக்கு அதை நம்பாதீர்கள். கீழ்த்தட்டு 4 மணி நேரம்தான் தாங்கும். நீங்கள் பகலில் வீட்டில் இல்லாதவர் என்பதால் ஒரு வேலை செய்யுங்கள். ஒரு டம்ளர் தண்ணீரை உறையவைத்து, அதன்மேல் ஒரு ரூபாய்க் காசை வைத்து ஃப்ரீசரிலேயே விட்டுவிடுங்கள். காசு மேலேயே இருந்தால் பயமில்லை. அடியில் போய் உறைந்திருந்தால், நடுவில் எல்லாம் உருகித் திரும்ப உறைந்திருக்கிறது என்று அர்த்தம். கறியையும் குழம்பையும் யோசிக்காமல் கொட்டிவிடுங்கள்.

வெளியே எடுக்கும்போது, காலையில் மேடையில் வைத்துவிட்டு வேலைக்குப் போவது கூடவே கூடாது. முந்தின இரவே கீழ்த்தட்டுக்கு மாற்றிவிட்டால் மறுநாள் இரவுக்குள் இளகியிருக்கும். மறந்துவிட்டால், கட்டியாகவே வாணலியில் கொட்டி, கொஞ்சம் தண்ணீர் தெளித்துச் சிறு தீயில் உருக்கலாம், தப்பில்லை. பிறகு தளதளவென்று முழுதும் கொதிக்க வேண்டும். ஓரம் மட்டும் கொதித்தால் போதாது. மைக்ரோவேவில் வைத்தால் நடுவில் ஒருமுறை எடுத்துக் கிளறுங்கள், அது ஒரு பக்கம் கொதிக்கவும் ஒரு பக்கம் ஜில்லென்று இருக்கவும் விடும். ஒருமுறை சூடுபண்ணியதில் மிஞ்சியதை மறுபடி ஃப்ரீசருக்கு அனுப்பாதீர்கள்.

மாமியாரின் சந்தேகத்துக்கு வருகிறேன். குளிரில் வைப்பதால் கேன்சர் வராது, மைக்ரோவேவ் சூட்டாலும் வராது. பிளாஸ்டிக் டப்பாவோடு சூடுபண்ணுவதை மட்டும் தவிர்க்கச் சொல்வேன். சூட்டில் பிளாஸ்டிக்கிலிருந்து சில ரசாயனங்கள் உணவில் இறங்கும், அது நமக்குத் தேவையில்லாத சரக்கு. சத்தைப் பொறுத்தவரை புரதம், இரும்பு, பி12, நார்ச்சத்து எதுவும் ஃப்ரீசரில் கரைந்து போவதில்லை. வைட்டமின் சி குறையும், ஆனால் அதில் பெரும்பங்கு சமைக்கும்போதே போய்விடுகிறது. ஒரு நெல்லிக்காயோ கொய்யாவோ கூடக் கொடுத்தால் கணக்கு நேராகிவிடும். "அந்தக் காலத்தில் பழையது சாப்பிட்டோமே" என்று அவர் கேட்டால், அதற்கும் பதில் உண்டு. ஆறிய சோற்றில் தண்ணீர் ஊற்றி வைக்கும்போது லாக்டிக் அமிலம் சுரக்கும் கிருமிகள் பெருகிப் புளிக்கவைக்கின்றன. அந்தப் புளிப்பு மற்ற கிருமிகளை அமுக்குகிறது. தண்ணீர் ஊற்றாமல் மேடையில் விட்ட சோற்றுக்கு அந்தக் காவல் இல்லை.

எதை வைக்கலாம் என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். வேகவைத்த பருப்பு, கொண்டைக்கடலை, ராஜ்மா, வெங்காயம் தக்காளி வதக்கிய மசாலா, கறிக் கிரேவி, இட்லி, துருவிய தேங்காய் எல்லாம் அருமையாக நிற்கும். உருளைக்கிழங்கு மணல் மாதிரி ஆகிவிடும், மோர்க்குழம்பு திரிந்துவிடும், வேகவைத்த முட்டை ரப்பராகும். கீரையும் ரசமும் அன்றன்றைக்குச் செய்துகொள்ளுங்கள், பத்து நிமிட வேலை. மீன் விஷயத்தில் மட்டும் நான் கறார். மத்தி, சூரை, கானாங்கெளுத்தி போன்றவை சந்தையிலேயே ஐஸ் இல்லாமல் கிடந்திருந்தால் ஹிஸ்டமின் என்ற ஒவ்வாமை போன்ற தொல்லை தரும் பொருள் அதில் சேர்ந்துவிடும். அதைச் சமையலும் போக்காது, ஃப்ரீசரும் போக்காது. முகம் சிவந்து, அரித்து, தலைவலி வரும். வாங்கும்போதே பார்த்து வாங்குவதுதான் ஒரே வழி.

கணவருக்கு ஒரு விதத்தில் இந்த முறை வசதிதான், டப்பாவே அளவுகோலாகிவிடும். ஆறவைத்த சோற்றில் ரெசிஸ்டன்ட் ஸ்டார்ச் என்ற செரிக்காத மாவுச்சத்து கொஞ்சம் கூடுவது உண்மை. அதை நம்பி இன்னொரு கரண்டி சோறு போட்டுக்கொண்டால் சர்க்கரை ஏறத்தான் செய்யும். சுண்டல், கறி, காய் அதிகமாகவும் சோறு குறைவாகவும் இருப்பதுதான் முக்கியம்.

மாமனாரைப் பற்றித்தான் எனக்கு அக்கறை கூடுதல். பான்டோப்ரசோல் மாதிரி மாத்திரைகள் இரைப்பை அமிலத்தைக் குறைக்கின்றன. வாய்வழி வரும் கிருமிகளைக் கொல்லும் முதல் ஆயுதம் அந்த அமிலம்தான். இளவயதுக்காரருக்கு லேசான வயிற்றுக் கடுப்போடு போவது, 72 வயதில் இரண்டு நாள் டிரிப்ஸ் போடும் அளவுக்குப் போகலாம். அவருக்குக் கொடுப்பதைக் கண்டிப்பாகக் கொதிக்கவைத்துக் கொடுங்கள், கீழ்த்தட்டில் மூன்றாவது நாளைத் தாண்டியதைக் கொடுக்க வேண்டாம். அந்த மாத்திரை இன்னும் தேவையா என்று எழுதிக்கொடுத்த மருத்துவரிடம் ஒருமுறை கேளுங்கள். பலர் ஆறு வாரத்துக்கு எழுதிக்கொடுத்ததை ஆறு வருஷம் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். அவர்களாகவே நிறுத்துவதும் சரியல்ல.

பையனுக்கு மறுபடி அப்படி வந்தால், வாந்தி எடுத்ததும் பத்து நிமிடம் விட்டு, ஓ.ஆர்.எஸ். கரைசலை இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒரு ஸ்பூனாகக் கொடுங்கள். ஒரே மூச்சில் டம்ளரோடு கொடுத்தால் அதுவும் வெளியே வந்துவிடும். பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில்தான் கரைக்க வேண்டும். ருசிக்காகக் கூடவோ குறையவோ ஊற்றக் கூடாது. வயிற்றுப்போக்கும் சேர்ந்தால் மருத்துவரைக் கேட்டு 14 நாள் துத்தநாக மருந்து கொடுங்கள். பேதியை நிறுத்தும் மாத்திரையைக் கடையில் வாங்கிப் போட வேண்டாம். எது கொடுத்தாலும் வாந்தியாகிறது, மலத்தில் ரத்தம், நல்ல காய்ச்சல், ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகவில்லை, கண் உள்வாங்கித் துவண்டு கிடக்கிறான் என்றால், விடியட்டும் என்று காத்திருக்காமல் அப்போதே மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போங்கள்.