‘ஆபத்து குறைவு’ என்று படிவம் சொன்னால் வீட்டுக்கு அனுப்பிவிடலாமா?

கேள்வி: மனநலப் பிரிவில் ஆலோசகராகச் சேர்ந்து சில மாதங்கள்தான் ஆகின்றன. தற்கொலை எண்ணம் பற்றிய கேள்வித்தாளில் குறைந்த மதிப்பெண் வந்தால் நோயாளியை நம்பி அனுப்பலாமா? வெளிப்படையாகக் கேட்டு, இல்லாத எண்ணத்தைத் தூண்டிவிடுவேனோ என்ற பயமும் இருக்கிறது.

பதில்: முதலில் அந்தப் பயத்தை விடுங்கள். கேட்பதால் தற்கொலை எண்ணம் கூடுவதாக ஆய்வுகள் காட்டவில்லை. ஒருவர் கேட்டாரே என்பதே பலருக்கு ஆறுதல். ஆனால் “தப்பா எதுவும் யோசிக்கலையே?” என்று கேட்காதீர்கள். ‘இல்லை’ என்ற பதிலை நாமே எடுத்துக் கொடுக்கிற கேள்வி அது. “செத்துப்போகலாம் என்று தோன்றியதா?” என்று நேராகவே கேளுங்கள்.

சரி, மதிப்பெண்ணுக்கு வருவோம். ஐம்பது ஆண்டு ஆய்வுகளைத் தொகுத்து 2017இல் வெளியான கட்டுரை ஒன்று, நமக்குத் தெரிந்த ஆபத்துக் காரணிகளை வைத்துத் தற்கொலையைக் கணிப்பது குருட்டு ஊகத்தைவிடக் கொஞ்சம்தான் மேல் என்றது. மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் பிரிட்டனின் ‘நைஸ்’ அமைப்பு, தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்பவர்களுக்கான 2022 வழிகாட்டுதலில், அளவுகோல்களை வைத்து வருங்காலத்தைக் கணிக்கவோ, குறைவு, நடுத்தரம், அதிகம் என்று ஆட்களைப் பிரிக்கவோ வேண்டாம் என்றே சொல்கிறது. ‘குறைவு’ என்று குறிக்கப்பட்டவர்களும் இறந்துபோகிறார்கள். அதற்காக, தற்கொலை எண்ணம் பற்றிக் கேட்கும் கேள்வித்தாளான கொலம்பியா அளவுகோல் போன்றவற்றைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. கேட்க மறந்ததை அவை நினைவூட்டும், அவ்வளவுதான்.

படிவத்தை ஓரமாக வைத்துவிட்டுப் பேசுங்கள். எண்ணம் எப்போது வருகிறது, திட்டம் ஏதும் உண்டா, அதற்கான பொருள் வீட்டிலேயே இருக்கிறதா, முன்பு முயன்றிருக்கிறாரா, குடி, தூக்கம், சமீபத்திய இழப்பு, எது அவரை இதுவரை தடுத்து வைத்திருக்கிறது என்றெல்லாம் கேளுங்கள். இந்த நிலை சில மணி நேரத்தில்கூட மாறும். அதனால் காலையில் எழுதிய குறிப்பு மாலைக்குப் பொருந்தாமல் போகலாம்.

அப்புறம், “தற்கொலை செய்துகொள்ள மாட்டேன்” என்று எழுதி வாங்கும் பழக்கம் சில இடங்களில் இன்னும் இருக்கிறது. அது உயிரைக் காக்கும் என்பதற்கு நல்ல ஆதாரம் இல்லை. நமக்குத்தான் பொய்யான நிம்மதி. அதற்குப் பதில் பாதுகாப்புத் திட்டம் ஒன்றை அவரோடு சேர்ந்து, அவர் வார்த்தைகளிலேயே எழுதுங்கள். எண்ணம் முற்றும்போது தெரியும் அறிகுறிகள், அப்போது தானாகச் செய்யக்கூடியது, யாரைக் கூப்பிடுவது, எந்த உதவி எண், ஆபத்தான பொருட்களை யார் அப்புறப்படுத்துவது எல்லாம் அதில் இருக்கட்டும். கடைசி வேலையை, அவர் சம்மதத்தோடு, குடும்பத்தாரிடம் ஒப்படைப்பது நல்லது.

மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும் முதல் வாரம் ஆபத்து மிகுந்தது. அடுத்த சந்திப்புக்கு நாள் குறிக்காமல் அனுப்பாதீர்கள். இடையில் ஒரு முறை நீங்களே போன் செய்யுங்கள். திட்டமும் அதை நிறைவேற்றும் எண்ணமும் இருப்பதாகச் சொன்னால், மதிப்பெண் எதுவாக இருந்தாலும், தனியாக விடாமல் உடனே மூத்த மனநல மருத்துவரை அழையுங்கள்.