ரேடியோல சொன்னாங்களே!

வானொலியில் நிகழ்ச்சி தயாரிப்பாளனாக 22 வருஷம் குப்பை கொட்டியவன் நான். போன ஞாயிறு காரைக்குடியில் சிலர் கூடிக் கேட்ட கேள்விகளும், நான் சொன்ன பதில்களும் இவை.

பள்ளத்தூர் ஆச்சி ஒருவர்: தம்பி, காலையில எஃப்.எம்.ல ஒரு வைத்தியர், சர்க்கரையை 90 நாள்ல வேரோட எடுத்துருவேங்கிறார். மாத்திரையை விட்டுறாதீகன்னு மருமகன் சத்தம் போடுறார். யாரை நம்ப?

மருமகனை நம்புங்க ஆச்சி. அந்த அரை மணி நேரம், வைத்தியர் காசு கொடுத்து வாங்கினது. கல்யாண மண்டபத்தை வாடகைக்கு விட்டவர் மாப்பிள்ளைக்கு ஜாமீன் நிப்பாரா? சர்க்கரையைக் குணமாக்குவேன்னு விளம்பரம் பண்றதே 1954-ஆம் வருஷச் சட்டப்படி குத்தம்.

இன்னொண்ணும் சொல்லணும். "உங்க கஷாயம் குடிச்சேன், முதுகுவலி பறந்துருச்சு சார்"னு ஒரு நேயர் போன்ல வருவாரே, நான் வேலை பார்த்த ஒரு இடத்துல அதை முதல் நாளே பதிவு பண்ணி வச்சிருவோம். பேசுறது பெரும்பாலும் அந்த மருந்துக் கடைப் பையன்தான். "சளி சுத்தமா இல்லை"ன்னு சொல்லும்போதே ஒருநாள் தும்மிட்டான். அந்தத் தும்மலை வெட்டி எடுத்தவன் நான்.

தேவகோட்டை, கடைக்காரர்: படிக்காத சனம்தானே அண்ணே இப்படி ஏமாறுது?

1977-ல அமெரிக்காவுல கல்லூரி மாணவர்கள்கிட்ட சில தகவல்களைக் கொடுத்து, உண்மையா இருக்குமான்னு கேட்டாங்க. ரெண்டு வாரம் விட்டு ரெண்டு வாரமா மூணு தடவை. திரும்பத் திரும்பக் காதுல விழுந்தது, பொய்யா இருந்தாலும், வரவர உண்மை மாதிரியே பட்டுச்சு. படிச்ச பிள்ளைகதான் அத்தனை பேரும்.

காரைக்குடி, கல்லூரி மாணவி: அமெரிக்க ரேடியோல மணிக்கணக்கா அரசியல் பேசுறாங்களே, நம்ம எஃப்.எம்.ல ஏன் இல்லை?

சர்ச்சைன்னா ரெண்டு பக்கத்தையும் ஒலிபரப்பணும்னு அங்க 1949-லேருந்து ஒரு விதி இருந்துச்சு. 1987-ல அதை எடுத்தாங்க. மறு வருஷமே ரஷ் லிம்பாங்கிற வலதுசாரி ரேடியோ பேச்சாளர் நாடு முழுக்கப் பேச ஆரம்பிச்சார். இங்க தனியார் எஃப்.எம். சொந்தமா செய்தி போட முடியாது. ஆகாசவாணி செய்தியை அப்படியே எடுத்துப் போடலாம், அவ்வளவுதான். அதனால நம்ம ஊர்ல வாய்ச்சவடால் அரசியலை விட்டுட்டு மருந்து, வாஸ்து, ராசிக்கல்லுன்னு போயிருச்சு.

கானாடுகாத்தான், ஓய்வுபெற்ற ஆசிரியர்: குட்டு உடைஞ்சா சனம் விட்டுறாதா?

விடாது சார். கன்சாஸ்ல ஜான் பிரிங்க்லின்னு ஒருத்தர். ஆட்டுக்கிடாவோட விதையை ஆம்பளைகளுக்கு வச்சுத் தைச்சா வீரியம் வரும்னவர். 1923-ல சொந்தமா வானொலி நிலையமே ஆரம்பிச்சார். நேயர் கடிதத்தை வாசிச்சு, ஆளையே பார்க்காம இந்த நம்பர் மருந்து வாங்குன்னுவார். மருந்துக் கடைகள்லேருந்து அவருக்கு ஒரு பங்கு வந்துரும். 1930-ல வைத்திய லைசென்ஸும் போச்சு, வானொலி லைசென்ஸும் போச்சு. அதே வருஷம் கவர்னர் தேர்தல்ல நின்னார். வாக்குச்சீட்டுல பேர்கூட இல்லை. சனங்க கையால எழுதிப் போட்டது மட்டும் 1,80,000 ஓட்டுக்கு மேல! தோத்தார்தான். ஆனா எல்லை தாண்டி மெக்சிகோவுல இன்னும் பெரிய நிலையம் வச்சுட்டார்.

கோட்டையூர் இளைஞர்: எங்க அப்பத்தா ரேடியோக்காரரை "நம்ம தம்பி"ங்குது அண்ணே.

சொல்லத்தான் செய்யும். இலங்கை வானொலி பிறந்தநாள் வாழ்த்துல வீட்டுப் பிள்ளை பேரை வாசிச்சா, வளவுல இருக்குற அத்தனை பேரும் முகப்புக்கு ஓடி வந்த காலம் இருக்கே. பேரைச் சொன்ன குரல் சொந்தமாயிரும். அந்தக் குரலு கஷாயம் வித்தா அப்பத்தா என்ன செய்யும்? அப்பத்தாகிட்ட ரேடியோக்காரரைத் திட்டாதீங்க, சண்டைதான் வரும். "இந்த நேரத்துக்கு யாரு காசு கொடுத்தா?"ன்னு மட்டும் கேட்டுட்டு இருங்க.

மறுபடி பள்ளத்தூர் ஆச்சி: மூணு பாட்டில் வாங்கிட்டேனே தம்பி.

பில் இருக்கா ஆச்சி? இருந்தா சிவகங்கை மாவட்ட நுகர்வோர் ஆணையத்துல மனு கொடுக்கலாம், நான் எழுதித் தாரேன். பாட்டிலைக் கீழ ஊத்திறாதீங்க.