மேலே கருகல், உள்ளே பச்சை: உருளைக்கிழங்கு பேக் ஏன் சொதப்புகிறது?

கேள்வி: உருளைக்கிழங்கைப் பால், தக்காளி, சீஸ் சேர்த்து ஓவனில் வைத்தால் மேலே சீஸ் கருகிவிடுகிறது. கிழங்கோ வேகாமல் நறுக்கென்று இருக்கிறது. பாலும் திரிந்து அடியில் தண்ணீர் தேங்குகிறது. கடைக்காரர் புது ஓவன்தான் தீர்வு என்கிறார். மாற்ற வேண்டுமா?

பதில்: வேண்டாம். விற்பவர் வேறென்ன சொல்வார்? கிழங்கு வேக ஒரு மணி நேரம் பிடிக்கும், சீஸ் சிவக்கக் கால் மணி போதும். இரண்டையும் ஒன்றாக உள்ளே தள்ளினால் எந்த ஓவனிலும் இதே கதைதான்.

ஒரு கிலோ கிழங்கைத் தோல் சீவி, 3 மில்லிமீட்டர் கனத்தில் வட்டமாக நறுக்குங்கள். நறுக்கியபின் கழுவாதீர்கள், பாலைக் கெட்டியாக்கும் மாவுச்சத்து தண்ணீரோடு போய்விடும். அகலமான பாத்திரத்தில் 400 மி.லி. கொழுப்பு நீக்காத பால், 200 மி.லி. ஃப்ரெஷ் கிரீம், ஒன்றரை டீஸ்பூன் உப்பு, கிழங்கு எல்லாவற்றையும் போட்டுச் சிறுதீயில் 8 முதல் 10 நிமிடம், அடிபிடிக்காமல் கிளறியபடி வேகவிடுங்கள். கத்தி நுனி லேசாகத் தடுத்து இறங்க வேண்டும், துண்டு உடையக் கூடாது.

வெண்ணெய் தடவிய தட்டில் பாலோடு பரப்பி, ஃபாயிலால் இறுக மூடி 170 டிகிரியில் 40 நிமிடம் வையுங்கள். நடுவில் கத்தி தடையின்றி இறங்கினால் மட்டும் ஃபாயிலை எடுத்து, 100 கிராம் சீஸ் தூவி, 190 டிகிரியில் 15 நிமிடம். வெளியே எடுத்ததும் வெட்டாதீர்கள். கால் மணி ஆறினால்தான் பால் இறுகும்.

தக்காளிதான் இங்கே முக்கியக் குற்றவாளி. புளிப்பு பட்டால் கிழங்கின் செல்களைப் பிணைத்திருக்கும் பெக்டின் எளிதில் கரையாது. எவ்வளவு நேரம் வைத்தாலும் நறுக்கென்றே நிற்கும். பால் திரிவதற்கும் அதுவே காரணம். தக்காளி இருந்தே ஆக வேண்டுமா? கிழங்கைத் தனியாக முழுதாக வேகவைத்துவிடுங்கள். தக்காளியை எண்ணெயில் நீர் வற்றும்வரை வதக்கி அதன்மேல் பரப்புங்கள். அப்போதும் பால் வேண்டாம். பால் இல்லாமல் முடியாதென்றால் தக்காளியைப் பக்கத்தில் தொடுகறியாக வையுங்கள், தட்டுக்குள் விடாதீர்கள்.

சீஸ் வாங்கும்போது கண்ணைத் திறந்து வையுங்கள். பாக்கெட்டின் முன்பக்கம் இழுபடும் சீஸின் படம். சிலவற்றின் பின்பக்கம் எறும்பு எழுத்தில் 'தாவர எண்ணெய்' என்று இருக்கும். அது சீஸ் மாதிரி ஒன்று, சீஸ் அல்ல. துருவி விற்பதிலும் ஒட்டாமலிருக்க மாவு தூவியிருப்பார்கள், சீராக உருகாது. கட்டியாக வாங்கி நீங்களே துருவுங்கள். 'பேக் மிக்ஸ்' பவுடரைத் தலையில் கட்டப் பார்த்தாலும் வாங்காதீர்கள். பெரும்பாலும் மாவு, பால் பவுடர், உப்புதான். மாவுச்சத்து கிழங்கிலேயே இருக்கிறது.

ஓவன்மேல் இன்னும் சந்தேகம் இருந்தால், உள்ளே வைக்கும் சிறு தெர்மாமீட்டர் ஒன்று வாங்கிப் பாருங்கள். குமிழ் 170 காட்டும்போது உள்ளே 190 இருப்பது சகஜம். அந்த வித்தியாசத்தைக் குமிழில் குறைத்து வைத்தால் முடிந்தது. விசிறி ஓடும் ஓவன் என்றால் நான் சொன்னதில் 20 டிகிரி குறையுங்கள், சீஸ் தூவிய பிறகு பக்கத்திலேயே நில்லுங்கள்.