தமிழ் இணையப் பெயரும் காப்புரிமையும்: கேள்வி பதில்

கேள்வி (திருப்பூர், பின்னலாடை ஏற்றுமதியாளர்): எங்கள் நிறுவனத்துக்குத் தமிழில் ‘.இந்தியா’ முகவரி எடுக்க எண்ணியுள்ளோம். அதன் நுட்பத்துக்கு யாரோ காப்புரிமை வைத்திருப்பதாகச் சொல்கிறார்களே, வழக்கு வருமா ஐயா?

பதில்: அச்சமின்றிப் பதிவு செய்யுங்கள். நீங்கள் கேள்விப்பட்டது, 2001 ஜனவரியில் வாலிட் என்ற நிறுவனத்துக்கு அமெரிக்காவில் கிடைத்த 6182148 எண்ணுள்ள காப்புரிமையாக இருக்கலாம். பிறமொழிப் பெயரை, டிஎன்எஸ் (இணையப் பெயர்களை எண் முகவரிகளாக மாற்றித் தரும் அமைப்பு) ஏற்கும் ஆங்கில எழுத்து, எண், சிறுகோடு ஆகியவற்றால் ஆன பெயராக மாற்றும் முறை பற்றியது அது. 1999-இல் விண்ணப்பித்தது, 20 ஆண்டுக் காலம் முடிந்துவிட்டது.

கேள்வி (கோவை, பொறியியல் மாணவி): அந்தக் காப்புரிமை நடப்பில் இருந்தபோதே 2003-இல் பிறமொழி இணையப் பெயர்களுக்கான தரநிலை எவ்வாறு வெளிவந்தது?

பதில்: தரநிலையை வகுத்த ஐஇடிஎஃப், இணையத் தரநிலைகளை உருவாக்கும் பன்னாட்டுக் குழு; அது நீதிமன்றம் அன்று. தெரிந்த உரிமைக் கோரிக்கைகளை வெளிப்படையாகப் பதிவு செய்வதே அதன் நெறி. ஒரு காப்புரிமை செல்லுமா, எதுவரை செல்லும் என்று அது தீர்ப்புச் சொல்வதில்லை. உலகெங்கும் உள்ள டிஎன்எஸ் வழங்கிகளைத் தொடாமல், பெயரைப் பயனரின் மென்பொருளிலேயே மாற்றுவதுதான் நடைமுறைக்கு உகந்த வழியாக இருந்தது; வாலிடின் உரிமைக் கோரிக்கையோ அந்த வழியின் மேலேயே விழுந்தது. ஆனால் மார்ட்டின் டூர்ஸ்ட் என்ற கணினி ஆய்வாளர் 1996 டிசம்பரிலேயே இத்தகைய மாற்றத்தை வரைவாக வெளியிட்டிருந்தார். சிங்கப்பூரில் டான் டின் வீ குழுவினர் 1998-இல் அதைச் செயல்படுத்திக் காட்டினர். தேதியுடன் பொதுவெளியில் கிடக்கும் இத்தகைய முன்சான்றைவிட (காப்புரிமை கேட்பதற்கு முன்பே அந்த நுட்பம் அறியப்பட்டிருந்தது என்பதற்கான சான்று) வலுவான காப்பு ஒரு தரநிலைக்கு இல்லை என்பது என் உறுதியான கருத்து. 2003 மார்ச்சில் இத்தரநிலையின் ஆவணங்களான ஆர்எஃப்சி 3490-உம், பிறமொழி எழுத்துகளை ஆங்கில எழுத்து, எண், சிறுகோடுகளாக மாற்றும் பியூனிகோடு முறையை விளக்கும் 3492-உம் வெளியாயின. அறிவித்த காப்புரிமையைக் குழு எடைபோட முடியும். மறைத்து வைத்து, தரநிலை பரவியபின் நீட்டப்படுவதே பெருங்கேடு.

கேள்வி (ஈரோடு, மென்பொருள் உருவாக்குநர்): ஒன்றுபோல் தோன்றும் தமிழ்ப் பெயர்களைக் கண்டறியும் நிரல் எழுதியுள்ளேன். காப்புரிமை கேட்கலாமா?

பதில்: ‘கௌ’ என்பதையும், ‘கெ’, ‘ள’ சேர்ந்த ‘கெள’ என்பதையும் கண் பிரித்தறியாது, கணினிக்கு அவை வேறு வேறு பெயர்கள். ஏமாற்று முகவரிகளுக்கு இடம் தரும் இத்தகைய இணைகளைப் பிடிக்கும் உங்கள் பணி மிகத் தேவையானது. எனினும், வெறும் கணினி நிரலுக்கு இந்தியக் காப்புரிமைச் சட்டத்தின் 3(கே) பிரிவு இடம் தருவதில்லை. அதற்கு மேலான தொழில்நுட்பப் புதுமை உண்டென்று கருதினால், எதையும் வெளியிடுமுன் காப்புரிமை முகவரைக் கலந்து பேசுங்கள். முதலில் வெளியிட்டால் புதுமைத் தகுதி பெரும்பாலும் போய்விடும். தமிழ்ப் பெயர்கள் எல்லோருக்கும் பாதுகாப்பாக அமைய வேண்டும் என்பதே நோக்கமானால், முறையை முழுமையாக, தேதியிட்டு, இப்போதே வெளியிட்டுவிடுங்கள்.