தலைக்குள் 'காயில்' வைத்த பிறகு

அன்புள்ள ஐயா,

என் கணவருக்கு 51 வயது. போன ஆடியில் மூளையில் ரத்தக்குழாய் வீக்கம் வெடித்து, அதற்குள் 'காயில்' என்கிற மெல்லிய உலோகச் சுருளை வைத்துக் காப்பாற்றினார்கள். கைகால் நன்றாக வருகிறது, ஸ்கேனும் நன்றாக இருக்கிறது என்கிறார் டாக்டர். ஆனால் வீட்டுக்கு வந்தவர் வேறு ஆள். சாப்பிடக் கூப்பிட்டால்தான் பசியே தெரிகிறது. டிவியை அணைத்த பிறகும் அதன் முன்னால் உட்கார்ந்திருக்கிறார். காபி ஆறிவிட்டது என்று டம்ளரை வீசுகிறார். பேங்குக்குப் போய் வந்தேன் என்கிறார். அன்று முழுக்க வாசலைத் தாண்டவே இல்லை. அப்படிச் சொன்னால், நான் பொய் சொல்கிறேன் என்று கத்துகிறார். "உயிர் பிழைத்ததே பெரிசு, குறை சொல்லாதே" என்கிறார் மாமியார். நான் குறை சொல்கிறேனா?

பெயர் வேண்டாம்

அன்புள்ள சகோதரிக்கு,

இல்லை அம்மா. நீங்கள் சொல்வது நோயின் விவரம். ஓ.பி.யில் பத்து நிமிடம் பார்க்கிற டாக்டருக்குத் தெரியாதது இது. நான் மருத்துவன் இல்லை. படித்தும் பழகியும் தெரிந்ததைச் சொல்கிறேன்.

டிஸ்சார்ஜ் சம்மரியில் 'ஆன்டீரியர் கம்யூனிகேட்டிங் ஆர்ட்டரி' என்று இருக்கிறதா பாருங்கள். எனக்கு அந்தச் சந்தேகம் இருக்கிறது. மூளையின் முன்பகுதிக்கு ரத்தம் கொண்டுபோகும் இரண்டு குழாய்களை இணைக்கும் சின்னக் குழாய் அது. வீக்கம் அடிக்கடி வருகிற இடம். அதிலிருந்து பிரியும் நூல் போன்ற கிளைகள் நினைவாற்றலுக்கு வேண்டிய பகுதிக்கு ரத்தம் தருகின்றன. அங்கே அடிபட்டால், நடக்காததை நடந்ததாகச் சொல்வார்கள். நினைவில் விழுந்த ஓட்டையைப் பழைய ஞாபகம் ஒன்றை வைத்து மூளையே அடைத்துவிடுகிறது. பேங்குக்குப் போனது அவரைப் பொறுத்தவரை நடந்த விஷயம். அதில் மல்லுக்கு நிற்காதீர்கள். "சரி" என்று சொல்லிவிட்டு, பாஸ்புக், ஏடிஎம் கார்டு எல்லாவற்றையும் உங்கள் பொறுப்பில் வைத்துக்கொள்ளுங்கள்.

சும்மா உட்கார்ந்திருப்பதும் சோம்பல் இல்லை. ஒரு காரியத்தைத் தானாகத் தொடங்கவைப்பதும், கோபம் வந்தால் அடக்குவதும் முன்மூளையின் வேலை. "என்ன பண்ணலாம்?" என்று கேட்டால் அவரால் பதில் சொல்ல முடியாது. "துண்டு எடுத்து வைச்சிருக்கேன், குளிச்சிட்டு வாங்க" என்றால் எழுந்து போவார்.

"ஸ்கேன் நன்றாக இருக்கிறது" என்றால், காயில் நகரவில்லை, வீக்கத்துக்குள் ரத்தம் போகவில்லை என்றுதான் பெரும்பாலும் அர்த்தம். வெடித்த அன்று கசிந்த ரத்தமும், அதன் பிறகு 4 முதல் 14 நாளுக்குள் பலருக்கு வரும் குழாய்ச் சுருக்கமும் விட்டுப்போன சேதம் வேறு கணக்கு. நடிகை எமிலியா கிளார்க்குக்கு 2011இல் வெடித்தது. சில நாள் தன் பெயரையே சொல்ல முடியாமல் இருந்தார். 2013இல் இன்னொரு வீக்கத்துக்கு மண்டையைத் திறக்க வேண்டியிருந்தது. அத்தனையையும் வெளியில் எழுதியது 2019இல்தான். நடுவில் அவர் நடித்ததைத் திரையில் பார்த்தவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை.

அப்புறம், சரிசெய்யக்கூடிய காரணங்களும் இருக்கலாம். இதைத்தான் உங்களிடம் அழுத்திச் சொல்ல வேண்டும். மாத்திரை அட்டையில் லெவெடிராசெட்டம் என்று இருக்கிறதா? வலிப்புக்குத் தரும் அந்த மாத்திரை சிலருக்குக் கடுமையான எரிச்சலையும் கோபத்தையும் கொடுக்கும். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், வலிப்பு வந்துவிடலாம். வேறு மாத்திரைக்கு மாற்ற முடியுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். நடை தடுமாறுகிறதா, சிறுநீர் அடக்க முடியவில்லையா? ரத்தக் கசிவுக்குப் பல மாதம் கழித்தும் மூளைக்குள் நீர் தேங்கலாம். அந்த நீரை வடிக்கும் 'ஷன்ட்' என்கிற குழாயை வைத்தால் பலர் தெளிகிறார்கள். மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி, தைராய்டு இரண்டின் சுரப்புகளையும் சோதிக்கச் சொல்லுங்கள். மனச்சோர்வும் இருக்கலாம், அதற்கும் மருந்து உண்டு.

நரம்பு உளவியல் பரிசோதனை என்று ஒன்று உண்டு. பெங்களூரில் மனநலத்துக்கும் நரம்பு நோய்க்கும் உள்ள நிம்ஹான்ஸ் மருத்துவமனையில் செய்கிறார்கள். எது போயிருக்கிறது, எது மிச்சம் இருக்கிறது என்று அதில் தெரியும். பழையபடி ஆகிவிடுவாரா என்றால், முழுக்க ஆகிவிடுவார் என்று உங்களுக்கு வாக்குக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. ஆனால் ஒரு வருடம் தாண்டிய பிறகும் மெல்ல மெல்லத் தேறியவர்களை எனக்குத் தெரியும்.

அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது இரண்டு வாரக் குறிப்பு ஒன்று எழுதிக் கொண்டுபோங்கள்: எப்போது கோபம் வந்தது, அதற்குமுன் மாத்திரை எத்தனை மணிக்கு, எவ்வளவு தூங்கினார். அவர் எதிரில் பேசக் கஷ்டமாக இருந்தால் தாளை நர்ஸிடம் முன்னாலேயே கொடுத்துவிடுங்கள். மாமியாரையும் கூட அழைத்துப் போங்கள். டாக்டர் வாயால் அவர் ஒருமுறை கேட்கட்டும்.