பழைய டிரைவில் பாட்டு சிடி: வாசகர் கேள்வி, நம் பதில்

கேள்வி: சன் நிறுவனத்தின் பழைய யூனிக்ஸ் கணினி, ஸ்பார்க்ஸ்டேஷன் 1 ஒன்று கைக்கு வந்திருக்கிறது. கூடவே ஸ்கஸி (டிஸ்க், டிரைவ்களைக் கணினியோடு இணைக்கும் பழைய முறை) கேபிளில் மாட்டும் தனிப்பெட்டி சிடி டிரைவ். பாட்டு சிடியைப் போட்டு, அதைப் பாடவைக்கும் ஒர்க்மேன் நிரலைத் திறந்தால் டிராக் எண் மாறுகிறது, நொடிகள் ஓடுகின்றன. கணினியின் ஸ்பீக்கரில் மட்டும் சத்தமே இல்லை. ஆடியோ சிப் போய்விட்டதா?

பதில்: சிப்பின் மேல் கை வைக்காதீர்கள், அது பாவம். டிரைவின் முன்பக்கம் பாருங்கள். ஹெட்போன் துளை ஒன்றும், பக்கத்தில் கட்டைவிரலால் உருட்டும் சின்னச் சக்கரம் ஒன்றும் இருக்கும். ஹெட்போனை அங்கே சொருகிச் சக்கரத்தை உருட்டுங்கள். உங்கள் பாட்டு இவ்வளவு நேரமும் அங்கேதான் ஓடிக்கொண்டிருந்தது.

அந்தக் காலத்து சிடி-ராம் டிரைவ் என்பது தன்னளவில் முழு சிடி பிளேயர். லேசர், பிழை திருத்தும் சுற்று, எண்களை ஒலி அலையாக மாற்றும் சிப், ஹெட்போனுக்கான சின்ன ஆம்ப்ளிஃபயர் எல்லாம் அதற்குள்ளேயே உண்டு. கணினி அதற்கு வெறும் ரிமோட். 'இத்தனாவது நிமிடம், இத்தனாவது நொடி, இத்தனாவது ஃபிரேமில் தொடங்கி இன்ன இடம் வரை பாடு' என்று ஒரு கட்டளை ஸ்கஸி கேபிளில் போகும். (ஒரு நொடிக்கு 75 ஃபிரேம்.) அதோடு கணினியின் வேலை முடிந்தது. அவ்வப்போது 'இப்போது எங்கே இருக்கிறாய்?' என்று நிரல் கேட்கும், டிரைவ் பதில் சொல்லும். திரையில் நீங்கள் பார்த்த நொடிகள் அந்தப் பதில்தான். பாடும்போது நிரலைக் கொன்றுபாருங்கள், பாட்டு பாட்டுக்கு ஓடும்.

ஆக, பாட்டின் ஒரு துளிகூட கேபிள் வழியாகக் கணினிக்குள் வருவதில்லை. வந்திருந்தாலும் உங்கள் இயந்திரத்துக்கு அது தாங்காது. 1989-இல் வந்த ஸ்பார்க்ஸ்டேஷன் 1-இன் ஆடியோ நொடிக்கு 8,000 மாதிரிகள் (ஒலியை அளந்து குறித்த எண்கள்), ஒவ்வொன்றும் 8 பிட், ஒற்றை வழி. தொலைபேசித் தரம், அவ்வளவுதான். சிடியில் இருப்பதோ நொடிக்கு 44,100 மாதிரிகள், 16 பிட், இரண்டு வழி. கணக்குப் போட்டால் 22 மடங்கு.

ஹெட்போனிலும் சத்தம் வரவில்லை என்றால் நிரலில் உள்ள வால்யூம் பட்டையைப் பாருங்கள். டிரைவுக்குள் வலது, இடது இரண்டுக்கும் 0 முதல் 255 வரை தனித்தனி அளவு வைக்கலாம், முந்தைய ஆள் பூஜ்யத்தில் விட்டிருப்பார். இன்னொன்று, சில டிரைவ்களில் இந்த அளவு சீராக ஏறாது. பாதி வரை ஒன்றும் கேட்காது, அப்புறம் திடீரென்று காதைப் பிளக்கும். ஒர்க்மேன் போன்ற இன்னொரு நிரலான எக்ஸ்எம்சிடியில் இந்த ஏற்றத்தின் வளைவையே மாற்றிக்கொள்ள வசதி வைத்திருந்தார்கள், அவஸ்தைப்பட்டவர்கள்தான் இதையெல்லாம் யோசிப்பார்கள். பெரிய ஸ்பீக்கரில் கேட்க ஆசையா? பெட்டியின் பின்பக்கம் சிவப்பு, வெள்ளை ஆர்சிஏ துளைகள் இருந்தால் ஆம்ப்ளிஃபயருக்கு நேராகக் கொண்டுபோங்கள். ஹெட்போன் துளையைவிட அது சுத்தமாக இருக்கும் என்பது என் அனுபவம்.

கேள்வி: பாட்டு சிடியை மவுண்ட் செய்தால் (அதிலுள்ள கோப்புகளைக் கணினியில் திறக்க இணைத்தால்) பிழைச் செய்தி வருகிறது. சிடி கெட்டுவிட்டதா?

பதில்: இல்லை. அதில் கோப்பு முறைமையே கிடையாது, எதை மவுண்ட் செய்வது? டிரைவின் டிவைஸ் கோப்பை (யூனிக்ஸில் டிரைவைக் குறிக்கும் கோப்பு) படிக்க உங்கள் கணக்குக்கு அனுமதி இருந்தால் போதும், நிரல் நேராக டிரைவோடு பேசிக்கொள்ளும். சன்னின் இயங்குதளமான சோலாரிஸில் வால்யூம் மேனேஜர் (ஒலி அளவுக்கானது அல்ல, போட்ட வட்டைத் தானே கவனித்துக்கொள்ளும் நிரல்) வந்த பிறகு இந்தத் தொல்லை குறைந்தது. சிடியைப் போட்டதும் ஒர்க்மேன் தானே திறக்கும்படி அமைக்கலாம். கையேட்டின் எடுத்துக்காட்டிலேயே ஒர்க்மேன் பெயர்தான் இருக்கும்.

அனுமதியை எல்லோருக்கும் திறந்துவிடும் முன் கொஞ்சம் யோசியுங்கள். நான் சிஸ்டம் அட்மினாக இருந்த கூடத்தில், யாரோ ஒருவர் தன் மேசையிலிருந்து அடுத்த அறை இயந்திரத்துக்குள் லாகின் செய்து அங்கே இருந்த சிடியைப் பாடவிடுவார். ஸ்பீக்கர் மாட்டி வைத்திருந்தவர் துள்ளி எழுவார். இது தினசரி விளையாட்டாகி, கடைசியில் அனுமதியை மூட வேண்டியதாயிற்று.

கேள்வி: அப்படியானால் அந்த நாளில் பாட்டை ஹார்ட் டிஸ்கில் இறக்கி வைத்துக்கொள்ள வழியே இல்லையா?

பதில்: மூன்று தடைகள் இருந்தன. முதலாவது, இடம். ஒரு நிமிடப் பாட்டுக்கு 10 எம்பிக்கு மேல் வேண்டும். 100 எம்பி டிஸ்கை வைத்துக்கொண்டு இரண்டு பாட்டு இறக்கினால் சிஸ்டத்தை எங்கே வைப்பது? இரண்டாவது, டிரைவின் பிடிவாதம். பல டிரைவ்கள் பாட்டு செக்டாரை (வட்டில் ஒரு துண்டு) கேபிள் வழியாகக் கொடுக்கவே மாட்டா. கேபிளின் வேகம் இதற்குக் காரணமில்லை, டிரைவுக்குள் பதித்த நிரலான ஃபர்ம்வேரில் அந்த வழியே எழுதப்படவில்லை.

இதற்கு நல்ல விதிவிலக்கு சிலிக்கான் கிராஃபிக்ஸ் என்ற கணினி நிறுவனம். அவர்கள் தோஷிபா டிரைவ்களைத் தங்களுக்கென்று மாற்றிய ஃபர்ம்வேரோடு விற்றார்கள். பாட்டு எண்களாகவே ஸ்கஸி வழியாக வந்து கணினியின் ஸ்பீக்கரில் ஒலிக்கும். 1991-இல் வந்த அவர்களுடைய இண்டிகோ கணினியிலேயே சிடி தரத்துக்கு ஈடான ஆடியோ இருந்ததால் அது பொருந்தியது. அதே மாடல் எண் உள்ள சாதா தோஷிபா டிரைவை வாங்கி மாட்டி, ஏன் வேலை செய்யவில்லை என்று தலையைப் பிய்த்துக்கொண்டவர்கள் உண்டு.

மூன்றாவதுதான் எனக்குப் பிடித்த சங்கதி. பாட்டும் தரவும் ஒரே மாதிரி வட்டில் இருந்தாலும் அடுக்கிய விதம் வேறு. ஒவ்வொரு செக்டாரிலும் 2,352 பைட். பாட்டு சிடியில் அத்தனையும் பாட்டு. தரவு சிடியில் 2,048 மட்டுமே தரவு. மீதியில் தொடக்கக் குறி, முகவரி, கூடுதல் பிழை திருத்தம். அதாவது பாட்டு செக்டாருக்குள் 'நான் இன்னார்' என்ற முகவரி இல்லை. பாட்டோடு சேர்ந்து ஓடும், நேரக் குறிப்புகள் உள்ள துணைத் தடத்தைப் பார்த்துத்தான் டிரைவ் இடத்தைக் குத்துமதிப்பாகப் பிடிக்கும். தொடர்ந்து பாடும்போது இதனால் ஒன்றும் ஆகாது. ஆனால் கொஞ்சம் படித்து, டிஸ்கில் எழுதி, திரும்ப வந்து விட்ட இடத்தில் தொடங்கு என்றால் சில மாதிரிகள் முன்னேயோ பின்னேயோ போய் இறங்கும். அந்த ஒட்டில் 'டிக்' என்று ஒரு சத்தம். பிற்பாடு வந்த சிடிபாரனோயா போன்ற நிரல்கள் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் பின்னால் போய், ஏற்கெனவே படித்ததோடு மேல்பொருத்தி, சரியான இடத்தில் ஒட்டின. நிதானமான வேலை, ஆனால் சுத்தம்.

கேள்வி: சிடியில் பாட்டின் பெயர் இல்லை என்கிறார்கள். பிறகு நிரலுக்கு எப்படித் தெரிகிறது?

பதில்: முதலில் தெரியாது, நீங்கள்தான் தட்டச்சு செய்ய வேண்டும். ஒருமுறை அடித்துவிட்டால் அடுத்த முறை அதே சிடியை நிரல் அடையாளம் கண்டுகொள்ளும். எதை வைத்து? எந்தப் பாட்டு எந்த இடத்தில் தொடங்குகிறது என்ற பட்டியலை வைத்து. எக்ஸ்எம்சிடியை எழுதிய டி கான், ஸ்டீவ் ஷெர்ஃப் என்பவரோடு சேர்ந்து இதைப் பொதுத் தரவுத்தளமாக்கினார். அதுதான் சிடிடிபி. ஒருவர் அடித்தது ஊருக்கெல்லாம் பயன்பட்டது. பிறகு அது வணிகமாகி கிரேஸ்நோட் ஆனது, தட்டச்சு செய்து கொடுத்தவர்களில் பலருக்கு அதில் கோபம், எனக்கும்தான்.

சிடிடிபியில் ஒரு சிடியின் அடையாள எண் எட்டு இலக்கப் பதினாறடிமான எண் (ஒன்பதுக்குப் பிறகு ஏ முதல் எஃப் வரை எழுத்துகளும் இலக்கங்களாக வரும், பத்துக்கு ஏ). கடைசி இரண்டு இலக்கம் பாட்டுகளின் எண்ணிக்கை, நடுவில் நான்கு மொத்த நேரம் நொடிகளில், முதல் இரண்டு தொடக்க நேரங்களின் இலக்கங்களைக் கூட்டிச் சுருக்கியது. பத்துப் பாட்டு என்றால் '0ஏ' என்று முடியும். இவ்வளவு சின்ன எண் என்பதால் இரண்டு வெவ்வேறு சிடிக்கு ஒரே எண் அமைவதும் உண்டு. கர்நாடக இசை சிடியைப் போட்டு ராக் இசைக்குழு பெயர் வந்தால் பயப்படாதீர்கள்.

கேள்வி: விளையாட்டு சிடி ஒன்றில் முதல் டிராக்கைப் பாடவிட்டேன். பயங்கர இரைச்சல்!

பதில்: முதல் டிராக் தரவு, இரண்டிலிருந்துதான் இசை. சில டிரைவ்கள் தரவு டிராக்கைப் பாட மறுத்துவிடும், சில அப்பாவியாகப் பாடிவிடும். ஹெட்போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டு இரண்டாவது டிராக்குக்குப் போங்கள். இன்னொன்றையும் நினைவில் வையுங்கள்: லேசர் ஒன்றுதான். பாட்டு ஓடும்போது அதே வட்டிலிருந்து கோப்பைப் படித்தால் பாட்டு நின்றுவிடும்.

கேள்வி: சிடியை ஒரு பிளாஸ்டிக் கூட்டில் வைத்துத்தான் டிரைவில் தள்ள வேண்டியிருக்கிறது. கூடு உள்ளேயே மாட்டிக்கொண்டது, பொத்தானுக்கு மசியவில்லை.

பதில்: முதலில் நிரல் டிரைவைப் பூட்டி வைத்திருக்கிறதா, தரவு சிடி என்றால் அது மவுண்ட் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் இல்லை என்றால் மின்சாரத்தை நிறுத்துங்கள். பெரும்பாலான டிரைவ்களின் முகப்பில் ஊசித்துளை ஒன்று இருக்கும், நிமிர்த்திய காகிதக் கிளிப்பை அதில் நேராக விட்டு அழுத்தினால் கூடு வெளியே தலைநீட்டும். வந்ததும் கூட்டின் உலோகக் கதவு நெளிந்திருக்கிறதா என்று பாருங்கள், மாட்டிக்கொள்வது பெரும்பாலும் அதனால்தான். நெளிந்த கூட்டை மறுபடி உள்ளே விடாதீர்கள். நல்ல கூடு ஒன்று கிடைத்தால் பத்திரமாக வையுங்கள், இப்போது டிரைவைவிடக் கூடுதான் கிடைப்பதில்லை.